ஐந்து நேற்றுகள்

கட்... கட்... கட்.

முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது ஏதோ பறவை என்றுதான் நினைத்தேன், அக்கா. கீழே டிவியை அணைத்து, எல்லாரும் படுத்து, தெருவும் அடங்கிவிட்டிருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து வந்தது. கட்... கட்... கட். கொஞ்சம் இடைவெளி. பிறகு புட்... புட்... புட். தொண்டையில் சளி கட்டிய பறவை ஒன்று இருட்டில் உட்கார்ந்து கூப்பிடுகிற மாதிரி. என் மகள் மிது தூக்கத்தில் காலை உதறினாள். அவளை மாரோடு இழுத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கிடந்தேன். ஷட்... ஷட்... ஷட் என்று வந்த பிறகுதான் உறைத்தது. பறவையாவது ஒன்றாவது. ராஜமாணிக்கம் அண்ணன் பாடம் படிக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த பாடம்.

இங்கிலீஷில் சில வினைகள் அப்படித்தான். இன்றைக்கு வெட்டினாலும் கட், நேற்றே வெட்டியிருந்தாலும் கட். ஆரம்பிக்கிறவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அந்த வகையை முதலில் கொடுத்திருந்தேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இன்று காலை சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் பையோடும் குழந்தையோடும் தடுமாறுவதைப் பார்த்து மிதுவை மடியில் வாங்கிக்கொண்டீர்கள். அவள் உதைத்த உதையில் டயப்பர் பை கீழே விழுந்து ணங்கென்றது. நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். "ஏங் கண்ணு, கொழந்த பையில என்னத்துக்குத் தாழ்ப்பா வெச்சிருக்கறே?" என்றீர்கள். நான் சிரித்தேன். ஊர் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

அந்தச் சிரிப்பு இப்போதும் என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போகிற பழக்கம் எங்கள் கான்வென்ட்டில் கிடையாது. அதனால் எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வரப்போவதில்லை, தெரியும். இருந்தாலும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மிதுவின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

என் அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, அக்கா. விஷயம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு வருகிற வழி.

என் பெயர் நிரஞ்சனா. மாமியார் வாயில் அது நெருஞ்சி. கல்யாணமாகி வந்த அன்றே, "அதென்ன பேரு, வாயிலயே நொழைய மாட்டேங்குது" என்று சொல்லி முள்ளாக்கிவிட்டார்கள். என் கணவர் தினகரன் மஸ்கட்டில் இருக்கிறார். மிது பிறந்து முகம் பார்த்துவிட்டுப் போனவர்தான். நானும் குழந்தையும் மாடி அறையில். கீழே மாமா, அத்தை. பின்கட்டில் கணவருடைய அக்கா கோமதி அண்ணி, அவங்க வீட்டுக்காரர் ராஜமாணிக்கம். அவருக்கு அவர் அப்பா வீட்டில் ஒத்துப்போகவில்லை, வந்து இங்கேயே தங்கிவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை. அவர் உட்கார்ந்தால் அத்தை நிற்பார்கள். அவர் தட்டில் எலும்பில்லாத கறி விழும். அவர் கை கழுவுகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

அவர் கை கழுவுவதை நீங்கள் பார்க்கணும். கழுவுகிறார் என்றுதான் பேர். சோற்றுக் கையைத் தம்ளர் தண்ணீரில் முக்கி எடுத்து, அந்தத் தண்ணீரையே வாயில் ஊற்றிக் கொப்பளித்து, தட்டிலேயே துப்புவார். அந்தத் தட்டை அண்ணி எடுத்துப்போவார்கள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல். எனக்கு அடிவயிற்றிலிருந்து வரும். வந்த புதிதில் நான் சாப்பாட்டை ரூமுக்கு எடுத்துக்கொண்டு போவேன். அத்தை விடவில்லை. "நாங்க சாப்புடறத பாத்தா உனக்கு ஓங்கரிக்குதாக்கும்?" என்றார்கள். ஆமாம் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. ஒரே துண்டில் எல்லாரும் முகம் துடைப்பது. மாமா பல் குச்சியை ஜன்னலில் செருகி வைப்பது. அத்தை மிதுவின் வாயில் விரலை விட்டு, "பல்லு மொளைக்குதா பாக்கறேன்" என்பது. அந்த விரல் அதற்கு முன் எங்கெங்கே இருந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒவ்வொன்றையும் நான் தினகரனுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறேன். ஒளிவு மறைவு எனக்குப் பழக்கமில்லை.

ராஜமாணிக்கம் அண்ணன் போர்வெல் ரிக் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் ஊர் ரிக் லாரிகள் ஆப்பிரிக்கா வரைக்கும் போய்த் தண்ணீர் எடுக்கின்றன, உங்களுக்கே தெரிந்திருக்கும். அவருடைய முதலாளி அங்கே ஒரு வெள்ளைக்காரரோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறார். மேனேஜராக ஒருவர் போகணும். வெள்ளைக்காரர் போனிலேயே இங்கிலீஷில் பேசிப் பார்ப்பார், பிடித்தால் விசா. வீடே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. இன்றைக்கு நடப்பது வரும், நாளைக்கு நடக்கப்போவது வரும். நேற்று நடந்ததுதான் வராது. "ஐ கோ யெஸ்டர்டே. ஐ சீ யெஸ்டர்டே." அந்த வீட்டில் இறந்தகாலமே கிடையாது.

"நம்ம நெருஞ்சி கான்வென்ட்ல படிச்சவதான? அவ சொல்லிக் குடுக்கட்டும்" என்று மாமா சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லணும், எனக்குப் பிடித்திருந்தது. அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்று முதல் தடவையாக எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மாடியில், என் அறைக்கு வெளியே தகரக் கொட்டகையின் கீழே, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல். எங்கள் சிஸ்டர் பெனடிக்டா எப்படிச் சொல்லிக்கொடுத்தாரோ அப்படியே சொல்லிக்கொடுத்தேன். அவருடைய முறைக்கு ஃபைவ் யெஸ்டர்டேஸ் என்று பேர். தினமும் காலையில் ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று, நேற்று நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சொல்லணும். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. வினை சரியா என்று மட்டும்தான் சிஸ்டர் பார்ப்பார். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதெல்லாம் அவருக்கு வேண்டாம். எங்கள் வகுப்பில் ரோஸ்லின் என்று ஒரு பெண். ஒருநாள் எழுந்து, "யெஸ்டர்டே மை ஃபாதர் பீட் மை மதர்" என்றாள். "பீட், பீட், பீட்டன். வெரி குட், ரோஸ்லின். அடுத்தது?" என்றார் சிஸ்டர். அவள் நின்று மிச்சம் நாலையும் தப்பில்லாமல் சொல்லி முடித்தாள். அதுதான் பயிற்சி. அப்படிப் பழகியதால்தான் இன்றைக்கும் எனக்கு இறந்தகாலம் தப்பாது.

அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது பெரிய தண்டனை. பாக்கு போட்ட வாய். ஓரத்தில் எப்போதும் ஒரு சிவப்பு ஈரம். "த்ரோ, த்ரூ, த்ரோன்" என்று அவர் சொன்னால் ஸ்டூலில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். நான் முந்தானையால் மிதுவின் முகத்தை மூடிக்கொள்வேன். அவர் சிரிப்பார். "ஏனுங் டீச்சரம்மா, மழ வருதுங்களா?" என்பார். அண்ணன் என்று கூப்பிடணும், முறை அப்படி. கூப்பிடுவேன்.

அவர் போதாதென்று கோமதி அண்ணி வேறு. வகுப்பு தொடங்கினதும் முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு வந்து மாடிப்படியில் மேல்படியில் உட்கார்ந்துவிடுவார்கள். உரிக்கிறார்கள், உரிக்கிறார்கள், அப்படி உரிக்கிறார்கள். அவ்வளவு வெங்காயம் அந்த வீட்டில் சமைக்கிறதில்லை. மறுநாள் பார்த்தால் உரித்த வெங்காயம் அப்படியே வாடிக் கிடக்கும், மறுபடியும் ஒரு முறம் வரும். கண்ணில் தண்ணீர் வழிய, உதடு மட்டும் அசையும். அவர் கோ சொன்னால் இவங்க உதடு கோ. அவர் வென்ட் சொன்னால் இவங்க உதடு வென்ட். ஓசியில் கற்றுக்கொள்கிறார்கள் என்று புரிந்தது. பத்தாவதோடு நின்றவர்கள், ஆசை இருக்கும்தான். ஆனால் அந்த வாடை! காற்று படிப்பக்கமிருந்துதான் அடிக்கும். மிது தும்முவாள். எனக்கு நேராக ஒன்றைச் சொல்லி முடிக்க முடியாது, முதுகில் அந்தக் கண்ணு குத்திக்கொண்டே இருக்கும். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், கத்தி முறத்தில் டங்கென்று விழும்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். "வகுப்புன்னா வகுப்பா இருக்கணும் அத்தை. ஆளாளுக்கு வந்து உட்கார்ந்தா அண்ணனுக்கு எப்படிக் கவனம் வரும்? அண்ணியைக் கீழே இருக்கச் சொல்லுங்க." நியாயம்தானே? அத்தையும் சத்தம் போட்டார்கள். "ஏ கோமதி, உம் புருசன் பொழைக்கறதுல உனக்கு என்னடி வயித்தெரிச்ச? எந்திரிச்சு வா கீழே."

அண்ணி எழுந்தார்கள். முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அப்பாடா, அந்தப் பார்வையில் இருந்த பொறாமையை நான் வாழ்க்கையில் மறக்க மாட்டேன்.

அதற்கப்புறம்தான் அண்ணனுக்கு நன்றாக வர ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, மூளைக்காரர். நாற்காலியைக் கிட்டே போட்டுக்கொண்டார். ராத்திரியும் மாடிக்கு வந்து நடந்துகொண்டே மனப்பாடம் பண்ணினார். அந்தப் பறவைச் சத்தம் தொடங்கியது அப்போதுதான். "படிக்கறாரு, படிக்கட்டும்" என்றார்கள் அத்தை. மாமா கீழிருந்து பூரித்துப்போனார். ஐந்து வாக்கியமும் ஒழுங்காக வந்தது. ஐ வென்ட் டு த ரிக். ஐ ஏட் மட்டன். ஐ ஸா மை ஓனர். தப்பே இல்லை. எனக்குக் கர்வமாகக்கூட இருந்தது. சிஸ்டர் பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார்.

போன வாரம் ஒருநாள். வழக்கம்போல, "யெஸ்டர்டே?" என்றேன். அவர் பாக்கை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"யெஸ்டர்டே நைட் த பேபி க்ரைட்."

க்ரை, க்ரைட். சரி.

"யு வோக் அப்."

வேக், வோக். கஷ்டமானது, எல்லாரும் தப்பு விடுவார்கள். இவர் விடவில்லை.

"யு டிராங்க் வாட்டர்."

இதில் டிரங்க் என்று சொல்லாத ஆளையே நான் பார்த்ததில்லை.

"யு டைட் யுவர் ஹேர். தென் யு ஸ்லெப்ட்."

"வெரி குட்ண்ணா!" என்றேன். கைகூடத் தட்டினேன். மிதுவும் நான் தட்டுவதைப் பார்த்துத் தட்டினாள். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிப்போனார்.

பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. குழந்தை அழுதது வீட்டுக்கே கேட்டிருக்கும். நான் எழுந்தது, விளக்கு வெளிச்சத்தில் தெரிந்திருக்கும். தண்ணீர் குடித்தேனே. பானை அறையின் உள்மூலையில் இருக்கிறது. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாது. கதவைத் திறந்தால்தான் தெரியும். முடியை முடிந்தேனே, அது கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. எவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டும்? நான் மிதுவுக்குப் பால் கொடுத்தேனே அதற்கு நடுவில். அதை மட்டும் ஐந்தில் சேர்க்கவில்லை அவர்.

பாட்டிலைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தேன், அக்கா. அவர் தட்டில் துப்புவதைப் பார்த்தெல்லாம் குமட்டியிருக்கிறதே தவிர, ஒரு நாளும் எடுத்ததில்லை.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்குக் காது மட்டும்தான் உடம்பு. தொட்டிப் பக்கம் கட், கட், கட் என்று கேட்கிற வரைக்கும் பயமில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிகிறது. சத்தம் நின்றால்தான் பயம். நாற்காலி, சூட்கேஸ், அரிசி டின், எல்லாவற்றையும் கதவுக்கு முட்டுக் கொடுப்பேன். காலையில் பார்த்தால் நாற்காலி ஒரு சாண் நகர்ந்திருக்கும். நானே தூக்கத்தில் சரியாக வைக்கவில்லையோ என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

தினகரனுக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "நிரு, போன மாசம் எங்க அம்மா விரல். அதுக்கு முந்தின மாசம் எங்க அப்பா பல் குச்சி. இப்ப எங்க அக்கா வீட்டுக்காரரா? உனக்கு எங்க வீட்ல யாரைப் பார்த்தாத்தான் அருவருப்பு இல்லை?" என்றார். "படிக்கிறதுக்கு மாடிக்கு வந்திருப்பாரு. கதவு காத்துல திறந்திருக்கும். அவர் போன் இன்டர்வியூ முடியிற வரைக்கும் எதையாவது கிளப்பிடாதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்." வைத்துவிட்டார்.

பாடத்தை நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். என்ன காரணம் சொல்லி? அதோடு, அவர் பாஸாகிவிட்டால் ஆப்பிரிக்கா போய்விடுவார். அவரை இந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்ப என் கையில் இருந்தது அந்த வினைச்சொற்கள் மட்டும்தான். உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

தாழ்ப்பாளையாவது கேட்போம் என்று அத்தையிடம் போனேன். அண்ணி பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாடி ரூம் கதவுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கலாமா அத்தை?"

"என்னத்துக்கு? ஆருகிட்ட இருந்து சாத்தறே?"

"பூனை வருது."

"பூனைக்குத் தாழ்ப்பாளா? இந்த ஊட்டுல ரூமுக்குத் தாழ்ப்பா கெடையாது அம்மிணி, உனக்குத் தெரியாதா? கோமதி பையன் நடக்கப் பழகுன புதுசுல மாடி ரூமுக்குள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டான். கத்துறான், கதறுறான். ஆசாரியக் கூட்டியாந்து கதவ ஒடச்சுத்தான் எடுத்தோம். அன்னைக்கே உங்க மாமா அத்தன ரூமு தாழ்ப்பாளையும் கழட்டி வீசிப்போட்டாரு. உம் புள்ளைக்கும் அப்படி ஆவோணுமா?"

அண்ணி தேய்ப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே தட்டைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பையன் இப்போது ஈரோட்டில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். தன் பிள்ளை விஷயம் பேசும்போதுகூட அண்ணி வாயைத் திறக்கவில்லை, என்ன ஜென்மமோ என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் சங்ககிரி. திருச்செங்கோட்டில் வாங்கினால் எந்தக் கடைக்காரராக இருந்தாலும் மாமாவிடம் சொல்லிவிடுவார். குழந்தைக்குத் தடுப்பூசி என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். கடைக்காரர், "எத்தனை இஞ்சுங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "இருக்கறதிலேயே பெரிசு" என்றேன். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

வாங்கிவிட்டேனே தவிர, அதை எப்படி அடிப்பது என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் வரைக்கும் மிதுவின் துணிக்குக் கீழே கிடந்தது. வகுப்பு நேரம் வந்தது. அவர் வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டை மாற்றி வந்திருந்தார்.

"யெஸ்டர்டே?" என்றேன்.

"நேத்து வேண்டாங் டீச்சர். இன்னைக்குக் காலைல நடந்ததச் சொல்றனுங்க. அதுவும் முடிஞ்சு போனதுதானுங்களே." நாற்காலியை இழுத்துக்கொண்டார். "திஸ் மார்னிங் யு வென்ட் டு சங்ககிரி."

நான் மிதுவை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"யு டிட் நாட் கோ டு ஹாஸ்பிட்டல். யு வென்ட் டு எ ஷாப்." ரிக்குக்குச் சாமான் வாங்குகிற கடையே அதுதானாம். அவர்கள் லாரி எதிரே நின்றிருந்ததாம். பார்க்காமல் போனது நான்தான். "யு பாட் எ..." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தாழ்ப்பாளுக்கு இங்கிலீசுல என்னங் டீச்சர்?"

உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அக்கா. என் வாய் தானாகவே சொன்னது. கேட்டால் சொல்லிப் பழகிய வாய். "போல்ட்."

"போல்ட்டா? அட, எங்க ரிக்குல இருக்கறதும் போல்ட்டுதானுங்களே!" என்று தொடையில் தட்டிச் சத்தமாகச் சிரித்தார். தெறித்தது. என் புறங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி. "யு பாட் எ போல்ட். சரிங்களா டீச்சர்? தப்பு இருந்தாச் சொல்லுங்க." குனிந்து, மிதுவின் கன்னத்தை அந்தப் பாக்குக் கறை விரலால் கிள்ளிவிட்டு, "ராத்திரிக்குப் படிச்சு வெக்கறேன்" என்று எழுந்துபோனார்.

வெரி குட் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லால் கடித்து நிறுத்தினேன்.

மிதுவின் கன்னத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அவள் கத்தக் கத்தத் தேய்த்தேன். கையைத் தேய்த்தேன். சாப்பிடவில்லை. கீழே டிவி நின்றது. தொட்டிப் பக்கம் தொடங்கியது. கட்... கட்... கட். நான் நாற்காலியை எடுத்துக் கதவுக்கு வைக்கப் போகும்போது கதவு திறந்தது.

கோமதி அண்ணி. ஒரு கையில் தலையணையும் பாயும். மற்ற கையில் ஸ்க்ரூ டிரைவர். பாய்ச் சுருளுக்குள்ளே அம்மிக் குழவி.

"எடு" என்றார்கள்.

"எதை?"

"வாங்குனியே, அத. படிக்குக் கீழ நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

நான் துணியை விலக்கி எடுத்துக் கொடுத்தேன். அண்ணி கதவைச் சாத்திவிட்டு, நிலைப்பக்கம் பெயிண்ட் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே போனார்கள். ஒரு இடத்தில் நின்றது. நகத்தால் சுரண்டினார்கள். பெயிண்ட் உதிர்ந்து, உள்ளே அடைத்திருந்த சோப்பு உதிர்ந்து, பழைய ஓட்டை தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. பார்க்காமலே கண்டுபிடித்தார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இது எங்க ரூமு. கண்ணாலமான புதுசுல."

ஸ்க்ரூ இறுக இறுகக் கையெல்லாம் நரம்பு புடைத்தது. மூடின அறையில் அந்தச் சின்ன வெங்காய வாடை என்னவோ செய்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டேன். "உங்க பையன் உள்ளே மாட்டிக்கிட்டான்னு அத்தை சொன்னாங்களே. இந்த ரூம்தானா?"

"அவன் என்ற இடுப்புல இருந்தான்."

எனக்குப் புரியவில்லை. "அப்ப தாழ்ப்பாள் போட்டது?"

"நாந்தான்." அடுத்த ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்து வைத்தார்கள். "மூணு நாளு அவருக்குத் தெறக்குல. பையனத்தான் சாக்கு வெச்சு ஆசாரியக் கூப்புட்டாங்க."

மிது தூக்கத்தில் உதட்டைச் சப்பினாள். வெளியே புட்... புட்... புட் என்று போய்க்கொண்டிருந்தது.

"தெரிஞ்சும் நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி."

"அதான் படியில உக்காந்திருந்தனே. நீதான எந்திரிக்கச் சொன்னே."

பாருங்கள் அக்கா, அந்த நேரத்திலும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். ஒரு சின்ன விஷயத்தை எத்தனை நாள் மனதில் வைத்திருக்கிற குடும்பம்! பதில் பேசுகிற நேரமா அது?

கடைசி ஸ்க்ரூவும் இறங்கியது. அண்ணி தாழ்ப்பாளைத் தள்ளினார்கள். போகவில்லை. மழைக்கு நிலை உப்பியிருந்தது. நான் வாங்கினது வேறு அளவுக்கு மீறிப் பெரிசு. கம்பி ஓட்டையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி தள்ளினார்கள். நானும் கை கொடுத்தேன். வழுக்கியது. என் கை வேர்த்திருந்ததா, அவர்கள் கையா, தெரியவில்லை.

ஷட்... ஷட்...

மூன்றாவது வரவில்லை.

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தகரக் கொட்டகையின் கீழே செருப்பு உரசியது. பிறகு செருப்பைக் கழற்றுகிற ஓசை. கதவு எங்கள் தோளில் மெல்ல, ரொம்ப மரியாதையாக, அழுத்தியது.

"டீச்சர்?" என்றது குரல், குழந்தைக்குக் கேட்காத மாதிரி.

அண்ணி ஒரு தோளைக் கதவில் கொடுத்துக்கொண்டு காலை ஊன்றினார்கள். பாய்ச் சுருளிலிருந்து நான் உருவிக் கொடுத்த குழவியை வாங்கி, தலைக்கு மேலே ஓங்கி, தாழ்ப்பாளின் தலையில் ஒரு போடு போட்டார்கள். வீடே அதிர்ந்தது. மிது வீறிட்டாள். இன்னொரு போடு. கீழே விளக்கு எரிந்து ஜன்னலில் வெளிச்சம் ஏறியது.

"ஆரது? என்ன சத்தம் அங்கே?" அத்தையின் குரல். பின்னாலேயே மாமாவின் இருமல்.



அண்ணி இத்தனை நாளில் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நாந்தானுங்கம்மா, கோமதி!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்கள். "உங்க மாப்பிள்ள மாடியில நிக்கறாரு. நான் உள்ள இருந்து தாழ்ப்பாப் போடறேன்!"

மூன்றாவது போட்டில் கம்பி முழுசாக உள்ளே போய் உட்கார்ந்தது.